வாயில்லாத அமானிதம்

 

நாயைப் பற்றி ஒரு முஸ்லிம் குடும்பப் பத்திரிகையில் எழுத என்ன இருக்கிறது என்று உங்களுள் சிலருக்குத் தோன்றக்கூடும். தெருவில் நாய் எதிர்ப்பட்டால் புடவைத் தலைப்பை ஒதுக்கிக்கொண்டு சுவரோரமாக நடப்பவர்கள் நாம். தொழுகைக்கென உடுத்திய ஆடையில் அதன் ஈரம் பட்டுவிடக் கூடாதே என்ற எச்சரிக்கை சிறு வயதிலிருந்தே நமக்கு ஊட்டப்பட்டிருக்கிறது. அந்தப் பேணுதல் நல்லதே. அதைக் குறை கூறுவதற்காக நான் இதை எழுதவில்லை.

ஆயினும் தோப்பும் வயலும் ஆட்டுக்கிடையும் உடைய நம் குடும்பங்கள் பலவற்றில் காவலுக்கு ஒரு நாய் இருக்கத்தான் செய்கிறது. மார்க்கமும் அதற்கு இடம் தந்திருக்கிறது. அந்த நாய் இளமையோடு ஓடித் திரியும்வரை எந்தக் கேள்வியும் எழுவதில்லை. அதற்கு மூப்பு வந்து, மீளாத நோயும் வந்து, குரைக்கவும் இயலாமல் சுருண்டு கிடக்கும்போதுதான், 'இனி இதை என்ன செய்வது?' என்ற கேள்வி எழுகிறது.

2023ஆம் ஆண்டில் இந்தக் கேள்வி எங்கள் வீட்டு வாசலுக்கும் வந்தது. 54 நாட்கள் நாங்கள் அதற்கு விடை தேடினோம். அந்த நாட்களில் கற்றுக்கொண்டவை உங்களில் யாருக்கேனும் ஒரு நாள் பயன்படலாம் என்பதால் பகிர்ந்து கொள்கிறேன்.

வாப்பா விட்டுச் சென்ற காவல்

இராமநாதபுரம் மாவட்டத்துக் கடற்கரை ஊர் ஒன்று எங்களுடையது. ஊருக்கு வெளியே வாப்பாவுக்குச் சிறிய தென்னந்தோப்பு ஒன்று உண்டு. 2011இல் அவர்கள் அங்கே ஒரு பெண் நாய்க்குட்டியைக் கொண்டு வந்து விட்டார்கள். நாட்டு நாய்தான். உடல் முழுவதும் செம்மண் நிறம். ஆகவே 'செவலை' என்ற பெயர் தானாகவே அமைந்துவிட்டது.

செவலை வந்த பிறகு தோப்பில் தேங்காய்த் திருட்டு நின்றது. மோட்டார் அறையில் செம்புக் கம்பியை அறுக்க வந்தவர்கள் அதன் குரலைக் கேட்டே ஓடிவிட்டார்கள் என்று தோப்புக்காரர் சொல்வார். வாப்பா அதைத் தடவிக் கொடுத்து நான் பார்த்ததில்லை. ஆனால் தாம் உண்பதற்கு முன்பு, 'செவலைக்குச் சோறு போயிற்றா?' என்று ஒரு நாளும் கேட்கத் தவறியதில்லை. 2019இல் அவர்கள் வஃபாத்தானபின் தோப்பும் செவலையும் எங்கள் பொறுப்பில் வந்தன.

2023ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் செவலை உண்பதைக் குறைத்தது. ஓயாமல் அடிவயிற்றை நக்கியது. வறட்டு இருமலும் வந்தது. பால்மடியின் ஓரத்தில் எலுமிச்சம்பழ அளவில் ஒரு கட்டி வெடித்துப் புண்ணாகி இருந்ததைத் தோப்புக்காரர் கண்டு வந்து சொன்னார்.

மருத்துவர் சொன்னது

கால்நடை மருத்துவர் மார்பை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். மடியில் தோன்றிய புற்று நுரையீரலுக்குப் பரவிவிட்டது என்றார். கருத்தடை செய்யப்படாத பெண் நாய்களுக்கு முதுமையில் மிகுதியாக வரும் புற்று இதுதானாம். மடியில் தோன்றும் கட்டிகளுள் ஏறக்குறைய பாதி தீங்கற்றவை. மறுபாதிதான் பரவும் தன்மையுடையவை. பரவுவதற்கு முன் கண்டால் அறுத்து எடுத்துவிடலாம். முதல் பருவம் வருவதற்கு முன்பே கருத்தடை செய்துவிட்டால் இந்நோய் வரும் வாய்ப்பு பெரிதும் குறைந்துவிடும். உங்கள் தோப்பிலோ பண்ணையிலோ பெண் நாய் இருப்பின் இதை நினைவில் கொள்ளுங்கள். மாதம் ஒருமுறை அதன் மடியைத் தடவிப் பார்க்குமாறு பணியாளரிடம் சொல்லி வையுங்கள். பட்டாணி அளவில் கட்டி தட்டுப்பட்டாலும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

செவலைக்கு அந்தக் கட்டம் கடந்துவிட்டிருந்தது. 'குணப்படுத்த வழியில்லை, ஆனால் வலியைக் குறைக்க வழியுண்டு. இருக்கும் நாட்களை அது நிம்மதியாகக் கழிக்கலாம்' என்றார் மருத்துவர்.

வீடு திரும்பியதும் ஆளுக்கொரு யோசனை கூறினார்கள். 'சந்தைக்குப் போகும் வண்டியில் ஏற்றி எங்காவது தூரத்தில் இறக்கிவிடுங்கள்' என்றார் பக்கத்து வீட்டுப் பெரியவர். 'சோற்றில் எதையாவது கலந்து வைத்தால் ஒரே நாளில் முடிந்துவிடும்' என்றார் மற்றொருவர். தமாமிலிருந்து தொலைபேசியில் பேசிய காக்கா, 'ஊசி போடச் சொல்லிவிடு தங்கச்சி. ஏன் கஷ்டப்படுகிறீர்கள்?' என்றார்கள். உம்மா எதுவும் பேசவில்லை. இரவு இஷா தொழுதபின், 'வாப்பா இருந்தால் முதலில் ஹஜ்ரத்திடம்தான் கேட்டிருப்பார்கள்' என்று மட்டும் சொன்னார்கள்.

ஹஜ்ரத் தந்த விளக்கம்

மறுநாள் உம்மாவும் நானும் எங்கள் ஊர் மதரஸாவின் பெரிய ஹஜ்ரத் அவர்களைச் சந்தித்து மூன்று கேள்விகளை வைத்தோம்.

காவலுக்காக வளர்த்த நாய் காவல் காக்க இயலாமல் போனபின், அதை வைத்திருப்பது கூடுமா என்பது முதல் கேள்வி. வேட்டை, கால்நடை, விவசாயம் ஆகியவற்றின் தேவைக்கன்றி நாய் வளர்ப்போரின் நன்மை நாள்தோறும் குறையும் என்ற நபிமொழியை நாங்கள் அறிந்திருந்தோம். அதனால்தான் அந்த ஐயம்.

ஹஜ்ரத் அவர்கள் அலமாரியிலிருந்து ஒரு கிதாபை எடுத்து விளக்கினார்கள். 'சுல்தானுல் உலமா' என்று போற்றப்பட்டவரும், ஹிஜ்ரி 660இல், அதாவது கி.பி. 1262இல் மறைந்தவருமான ஷாஃபிஈ மத்ஹபின் பேரறிஞர் இமாம் இஸ்ஸுத்தீன் இப்னு அப்துஸ் ஸலாம் (ரஹ்) அவர்கள், 'கவாயிதுல் அஹ்காம்' என்ற தமது நூலில், மனிதன்மீது பிராணிகளுக்குள்ள உரிமைகளைப் பட்டியலிட்டிருக்கிறார்கள். அதன் முதல் உரிமையே, அதற்குத் தேவையான உணவையும் பராமரிப்பையும் அளிக்க வேண்டும் என்பதுதான். அது தளர்ந்தாலும், நோயுற்றாலும், இனி அதனால் உடையவருக்கு எப்பயனும் இல்லை என்றாலும் அந்தக் கடமை நீங்காது என்று அந்த இமாம் தெளிவுபடுத்தியிருக்கிறார்கள். ஏறக்குறைய 760 ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட ஒரு சட்டம் எங்கள் செவலையைப் பார்த்தே எழுதியதுபோல் இருந்தது.

'நீங்கள் ஆசைக்காக ஒரு நாயைப் புதிதாக வீட்டில் சேர்க்கவில்லை. உழைத்த பிராணி ஒன்றை அதன் கடைசி நாளில் கைவிடாதிருக்கிறீர்கள். இரண்டும் ஒன்றல்ல' என்றார்கள் ஹஜ்ரத். பட்டினி போட்டு வேலை வாங்கிய உரிமையாளரைப் பற்றி ஓர் ஒட்டகம் முறையிட, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அந்த உரிமையாளரை அழைத்து இறைவனை அஞ்சுமாறு எச்சரித்த நிகழ்ச்சியையும் நினைவூட்டினார்கள். தாகித்த நாய்க்குக் கிணற்றில் இறங்கிக் காலுறையில் நீர் மொண்டு புகட்டியவரின் பாவங்கள் மன்னிக்கப்பட்டதை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். குகைவாசிகளின் நாய் வாசலில் முன்னங்கால்களை நீட்டிக் கிடந்ததைத் திருமறையின் கஹ்ஃபு அத்தியாயம் பதிவு செய்திருப்பதையும் ஓதியிருப்பீர்கள்.

இரண்டாவது கேள்வி சுத்தத்தைப் பற்றியது. நாங்கள் ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றுகிறவர்கள். எங்கள் மத்ஹபின்படி நாயின் ஈரம் பட்ட இடத்தை ஏழு முறை கழுவ வேண்டும். அதில் ஒரு முறை மண் கலந்த நீரால் கழுவ வேண்டும். உலர்ந்த கை உலர்ந்த உடலைத் தொட்டால் கழுவும் கடமை இல்லை. ஹனஃபி மத்ஹபில் உமிழ்நீர் அசுத்தம். மூன்று முறை கழுவினால் போதும். மாலிக்கி மத்ஹபில் நாயே அசுத்தமன்று. பாத்திரத்தை ஏழு முறை கழுவுவது வணக்கம் என்ற வகையில் செய்யப்படுகிறது. 'உங்கள் மத்ஹபைப் பேணிக்கொண்டே பணிவிடை செய்யுங்கள். அசுத்தத்தைக் கழுவத் தண்ணீரும் மண்ணும் இருக்கின்றன. கழுவ வேண்டுமே என்பதற்காக ஓர் உயிரை வருந்த விடக் கூடாது' என்றார்கள்.

மூன்றாவது கேள்வி ஊசியைப் பற்றியது. அதைப் பின்னர் சொல்கிறேன்.

பணிவிடை செய்த முறை

செவலையைத் தோப்பிலிருந்து வீட்டின் கொல்லைப்புறத்துக் கொட்டகைக்குக் கொண்டு வந்தோம். அங்கே கிணறும் கல்தொட்டியும் உண்டு. அதற்கென்று தனித் தட்டு, தனிச் சட்டி, தனித் துணிகள். பணிவிடைக்கென ஒரு பழைய மேலங்கியும் ரப்பர் கையுறைகளும் கொட்டகையிலேயே தொங்கின. கிணற்றடியில் ஒரு டப்பாவில் சுத்தமான மண் வைத்தோம். தொழுகை உடையோடு எவரும் அங்கே போவதில்லை. இரண்டு நாட்களில் இது பழக்கமாகிவிட்டது. பாங்கு சொன்ன பிறகு பரபரப்படைய வேண்டிய நிலை ஒருமுறைகூட வரவில்லை.

தார்ப்பாய் விரித்து, அதன்மேல் வைக்கோல் அடைத்த சாக்கும் பழைய பருத்திப் போர்வையும் இட்டோம். மெலிந்த உடல் ஒரே பக்கமாகக் கிடந்தால் எலும்பு புடைத்த இடங்களில் படுக்கைப்புண் வரும். ஆகவே மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை மெல்லப் புரட்டிப் படுக்க வைத்தோம். மருத்துவர் கொடுத்த மருந்துநீரால் புண்ணைக் கழுவிக் கட்டினோம். ஈ உட்கார்ந்தால் ஒரே நாளில் புழு வைத்துவிடும் என்பதால் பகலிலும் கொசுவலை கட்டினோம்.

உணவில் பசியைத் தூண்டுவது மணம்தான். குளிர்ந்த சோற்றை முகர்ந்துவிட்டு விலகும் செவலை, அதையே வெதுவெதுப்பாக்கி, முள் நீக்கிய மீனைப் பிசைந்து கொடுத்தால் உண்டது. வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தத்தைக் கெடுக்கும் என்பதால் குழம்புச் சோறு கொடுக்கவில்லை. தண்ணீர்ச் சட்டி தலையை அதிகம் தூக்காமலே எட்டும் தூரத்தில் இருந்தது.

இங்கே ஓர் எச்சரிக்கை. நாம் உண்ணும் வலி மாத்திரைகளை இரக்கத்தின் பெயரால் நாய்க்கோ பூனைக்கோ கொடுத்துவிடாதீர்கள். இபுப்ரோஃபன் நாயின் வயிற்றைப் புண்ணாக்கிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். பாராசிட்டமால் பூனைக்கு உயிர்க்கொல்லி. மருத்துவர் எடை பார்த்துக் கொடுக்கும் மருந்து மட்டுமே மருந்து. மற்றொன்று: வெறிநோய்த் தடுப்பூசி ஆண்டுதோறும் தவறாமல் போடப்பட்ட நாய் என்பதால்தான் நாங்கள் அச்சமின்றி அதன் அருகில் சென்றோம். எச்சில் வழிய, நீர் விழுங்க முடியாமல், இயல்பு மாறித் திரியும் நாயிடம் எவரும் பணிவிடைக்கு நெருங்கக் கூடாது. உடனே கால்நடை மருத்துவமனைக்குத் தகவல் தரவேண்டும். கடித்தாலோ பிராண்டினாலோ ஓடும் நீரில் சோப்பிட்டுக் கால் மணி நேரம் கழுவிவிட்டு, அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

தூரத்தில் கொண்டு போய் விடும் யோசனையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பசியாலும் தாகத்தாலும் வருந்தும் நிலையில் ஒரு பிராணியைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமாகும். மார்க்கத்தில் அதன் நிலை என்ன என்பதற்கு, பூனையைக் கட்டிப் போட்டுப் பட்டினியால் சாகவிட்டு நரகம் புகுந்த பெண்ணின் வரலாறு ஒன்றே போதாதா?

ஏழு கேள்விகள்

வலிக்கிறது என்று வாய் திறந்து சொல்லத் தெரியாத ஜீவன் அது. அதற்கு இன்னும் நிம்மதி இருக்கிறதா, இல்லையா என்பதை நாம் எவ்வாறு அறிவது? இதற்கு மருத்துவர் ஒரு முறையைக் கற்றுத் தந்தார். அமெரிக்கக் கால்நடைப் புற்றுநோய் மருத்துவர் ஆலிஸ் வில்லலோபோஸ் என்ற பெண்மணி 2004இல் வகுத்தது அது. வலியும் மூச்சும் கட்டுக்குள் உள்ளனவா, பசி இருக்கிறதா, நீர்ச்சத்து இருக்கிறதா, உடல் சுத்தமாக இருக்கிறதா, மகிழ்ச்சி தெரிகிறதா, எழுந்து நடமாட முடிகிறதா, கெட்ட நாட்களைவிட நல்ல நாட்கள் மிகுதியா என்று ஏழு கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு இத்தனை என மதிப்பெண் இட வேண்டும். மொத்தம் 70இல் 35க்கு மேல் இருந்தால் பராமரிப்பைத் தொடரலாம்.

கல்லூரியில் படிக்கும் என் மகள் ஒரு நோட்டுப் புத்தகத்தில் நாள்தோறும் இதைக் குறித்தாள். முதல் வாரத்தில் 46. வலி மருந்து சரியாக வேலை செய்த மூன்றாம் வாரத்தில் 50. செவலை எழுந்து கிணற்றடிவரை நடந்ததும், தோப்புக்காரரின் சைக்கிள் மணி கேட்டு வாலை அசைத்ததும் அந்த வாரத்தில்தான். பின்னர் எண்கள் இறங்கின. 41, 37, 33. மனம் 'இன்று பரவாயில்லை' என்று ஆறுதல் தேடும் நாட்களிலும் நோட்டு உண்மையைச் சொல்லியது.

இந்த நாட்களில் எங்களுக்கு வாய்த்த மற்றொரு மாற்றத்தையும் கூற வேண்டும். 'கழுவுகிற வேலை உங்களுக்கு எதற்கு?' என்று ஆரம்பத்தில் கேலி பேசிய பக்கத்து வீட்டுப் பெரியவர், ஒரு நாள் தம் வீட்டிலிருந்து வைக்கோல் கட்டு ஒன்றைக் கொண்டு வந்து கொட்டகையில் வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் போனார்கள்.

கடைசி முடிவு

இப்போது மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். குணமாகாத நோயால் துடிக்கும் பிராணியை ஊசி போட்டு முடித்து வைக்கலாமா? ஹஜ்ரத் அவர்கள் இரண்டு கருத்துகளையும் எங்களிடம் எடுத்துரைத்தார்கள். உண்ணப்படாத பிராணியைத் துன்பத்திலிருந்து விடுவிப்பதற்காகக்கூடக் கொல்லக் கூடாது என்ற கருத்து ஷாஃபிஈ மத்ஹபின் முற்கால நூல்களில் உண்டு. மீளவே வழியில்லை என்று மருத்துவர் உறுதி கூறி, வேதனையும் தணிக்க முடியாததாகிவிட்டால், நோவு தராத முறையில் அனுமதியுண்டு என்பது இக்காலத்து அறிஞர்கள் பலரின் கருத்து. 'நமக்குப் பாரமாக இருக்கிறது என்பதற்காகச் செய்யக் கூடாது. அதற்குத் தாங்க முடியவில்லை என்றால் மட்டுமே அந்தப் பேச்சு. அந்த நிலை வந்தால் என்னிடம் வாருங்கள்' என்றார்கள்.

உம்மா ஊசியை விரும்பவில்லை. 'உயிரைக் கொடுத்தவன் எடுத்துக் கொள்வான். அதுவரை நாம் சோறு போடுவோம்' என்பதே அவர்களின் சொல்லாக இருந்தது.

52ஆம் நாள் இரவிலிருந்து செவலையால் படுக்க முடியவில்லை. படுத்தால் மூச்சு முட்டியது. முன்னங்கால்களை அகல ஊன்றி, கழுத்தை நீட்டி, உட்கார்ந்தபடியே இரவைக் கழித்தது. நுரையீரலில் நோய் முற்றும்போது இப்படி ஆகும் என்று மருத்துவர் முன்பே கூறியிருந்தார். மறுநாள் அவர் வந்து மருந்தைக் கூட்டிப் பார்த்தார். பயனில்லை. அன்றைய மதிப்பெண் 12. அன்று மாலை நான் ஹஜ்ரத்திடம் சென்று நிலைமையைச் சொன்னேன். நெடுநேரம் மௌனமாக இருந்தபின், 'அனுமதிக்கும் கருத்தை நீங்கள் எடுத்துக்கொள்ளும் நிலை இதுதான்' என்றார்கள். ஆயினும் உம்மாவின் மனத்துக்கு மாறாக எதையும் செய்ய எனக்குத் துணிவில்லை.

இரண்டாம் இரவும் அது உறங்கவில்லை. ஸுப்ஹு தொழுதுவிட்டு உம்மா கொட்டகைக்கு வந்தார்கள். 54 நாட்களில் அவர்கள் அதன் அருகே வந்து அமர்ந்தது அதுவே முதல் முறை. சற்று நேரம் அதன் மூச்சைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

'ரெண்டு நாளா இது கண்ணை மூடலையே, மகளே. நாம தூங்கி எழுந்து வந்து பார்த்துக்கிட்டிருக்கோம். டாக்டரைக் கூப்பிடு' என்றார்கள்.

மருத்துவர் வந்தார். முதலில் உறக்க மருந்து செலுத்தினார். இரண்டு இரவுகளாகப் படுக்காத செவலை மெல்ல முன்னங்கால்களை நீட்டிப் படுத்தது. அது ஆழ்ந்து உறங்கியபின்னரே இரண்டாம் மருந்தைச் செலுத்தினார். சிறிது நேரத்தில் எல்லாம் அமைதியாயிற்று. தோப்பில், கிணற்றுக்குத் தொலைவான மூலையில், ஆள் இடுப்பளவுக்கும் மேல் ஆழமாகக் குழி வெட்டிப் புதைத்தார்கள். மருந்து ஏறிய உடலைப் பிற விலங்குகள் தோண்டித் தின்றால் அவற்றுக்கும் கேடு என்பதால் ஆழம் அவசியம்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள்

சகோதர சகோதரிகளே! எங்களைப் போலவே நீங்களும் முடிவெடுக்க வேண்டும் என்று நான் கூறவில்லை. ஊசி வேண்டாம் என்று கடைசிவரை வலி தணித்துக் காத்திருப்போரும் கண்ணியமானவர்களே. உங்கள் ஊர் ஆலிமிடமும் கால்நடை மருத்துவரிடமும் இருவரிடமும் கேளுங்கள்; ஒருவரிடம் மட்டும் கேட்டு நிறுத்திவிடாதீர்கள். காவலுக்கு ஒரு பிராணியை ஏற்கும் நாளிலேயே, அதன் முதுமையையும் சேர்த்தே ஏற்கிறோம் என்ற எண்ணம் மட்டும் நம் இல்லங்களில் இருக்கட்டும்.

நம் பிள்ளைகள் இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். பயன்படாதது எதுவாயினும் அதை அப்புறப்படுத்துவதே முறை என்று நாம் செய்து காட்டினால், நாளை நம் கால் தளரும்போது அவர்கள் நினைவுக்கு வருவது எதுவாக இருக்கும்? என் மகள் அந்த நோட்டுப் புத்தகத்தை இன்னும் எறியவில்லை. உம்மாவுக்கு இப்போது முழங்கால் வலி அதிகம். இரவில் எழுந்து சென்று, பாட்டி எந்தப் பக்கம் படுத்திருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வருபவள் அவள்தான்.

வாயுள்ளோரிடத்தும் வாயில்லாத ஜீவன்களிடத்தும் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதங்களைப் பேணி நடக்க வல்ல நாயன் நம் அனைவருக்கும் நல்லருள் புரிவானாக! ஆமீன்.